வாரண்டிக்குள் ஒரு பாவம்

“ஆறு மாசத்துக்குக் கை வைக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டுத்தான் குடுத்தாங்க சாமி. என்னால பொறுக்க முடியல. மூணாம் மாசமே கை வச்சுட்டேன்.”

பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைக்கு அந்தப் பக்கம் பங்குச்சாமியார் தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷமாக ஊர்ப் பாவத்தைக் கேட்டுக் கேட்டுப் பாதித் தூக்கத்திலேயே மன்னித்துப் பழகியவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது அடைக்கலத்துக்கு நிழலாகத் தெரிந்தது.

“எது மேல கை வச்ச?”

“மோட்டார் பைக் மேல சாமி. புது வண்டி.”

சாமியார் ஒரு பெருமூச்சு விட்டார். அது நிம்மதியா, ஏமாற்றமா என்று சொல்வதற்கில்லை.

அடைக்கலத்துக்கு அந்த வண்டிதான் சோறு. வெள்ளனே கொடைக்கானல் பேக்கரியில் ரொட்டியும் பன்னும் ஏற்றிக்கொண்டு பள்ளங்கி வரைக்கும் இருக்கிற டீக்கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு வருவான். கம்பெனி ஆளைத் தவிர வேறு எவனும் எஞ்சினைத் தொடக் கூடாது, தொட்டால் வாரண்டி செல்லாது என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கம்பெனி ஆள் இருப்பதோ மதுரையில். மலை ஏறுவதற்கு அந்த மனுஷனுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் மனசு வரும்.

“எறக்கத்துல சமத்தாப் போகுது சாமி. ஏத்தத்துலதான் இளைப்புக்காரன் மாதிரி இழுக்குது. மதுரைல வச்ச டியூனிங் நம்மூரு காத்துக்கு ஒத்து வரல. அதான் நானே கார்புரேட்டரத் தொறந்து...”

“எத்தனை தடவை?”

“நாலு தடவை.”

“தனியாவா, கூட்டாளி உண்டா?”

“தனியாத்தான் சாமி. கழுவுறதுக்கு மண்ணெண்ணெய்க் கிண்ணத்த மட்டும் எம் பொஞ்சாதி அமலி புடிச்சா.”

எந்தப் பாவத்துக்கும் சாமியார் கேட்கிற கேள்விகள்தான். ஆனால் கூண்டுக்குள் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லையே என்று வெட்கப்பட்டு, அடைக்கலம் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

“நான் மந்திரிச்ச வண்டிதானே அது?”

“ஆமா சாமி, உங்க புது வண்டியோட சேத்துத்தான் தீர்த்தம் தெளிச்சீங்க. மந்திரிச்ச மூணாம் மாசமே எஞ்சின் உள்ள கடகடங்குது. அது வேற கோளாறு சாமி. நான் கை வச்சதால வந்ததில்ல. மாதா மேல சத்தியம்!”

“கூண்டுக்குள்ள சத்தியம் பண்ணாத. விசயத்துக்கு வா.”

“நாளைக்குக் காலைல கம்பெனி ஆளு வர்றான். யாராச்சும் தொறந்தீங்களான்னு கேப்பான். ஆமான்னா எஞ்சின் செலவு மொத்தமும் என் தலைல. வண்டிய வித்துத்தான் வண்டிய ரிப்பேர் பாக்கணும். இல்லைன்னா பொய் சொன்ன பாவம். அந்தப் பொய்க்கு இன்னைக்கே நீங்க மன்னிப்புக் குடுத்துட்டா...”

“இது என்ன சீசன் ரூமா, அட்வான்ஸ் புக்கிங் பண்றதுக்கு?”

சாமியார் போட்ட சத்தத்தில், அடுத்துக் காத்திருந்த கித்தேரியம்மாள் ஜெபமாலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ரொட்டிக்காரன் இவ்வளவு நேரமாகச் சொல்கிற பாவம் சாதாரணப் பாவமாக இருக்க முடியாது என்பது அவள் கணக்கு.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அது வாக்கு. வாக்க மீறுனது ஒரு பாவம், மறைக்கிறது இன்னொரு பாவம். நாளைக்கு அந்த ஆளு முன்னால நின்னு உண்மையச் சொல்லிரு.”

ரொட்டிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளங்கிப் பாதையில் தான் நடப்பதை நினைத்ததும் அடைக்கலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் மன்னிப்பு வாங்காமல் எழுந்து போகப் பயமாக இருந்தது.

“சரிங்க சாமி. சொல்லிர்றேன்.”

மன்னிப்புக் கொடுப்பதற்காகச் சாமியார் கையைத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றது.

“தொறந்தியே... திரும்ப மூடுறப்ப அததது எடத்துல ஒழுங்கா உக்காந்துச்சா?”

பாவத்தைத் துருவித் துருவிக் கேட்பது சாமியார்களுக்கு வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டான் அடைக்கலம். அழுகைக்கு நடுவிலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமை வந்தது.

“கச்சிதமா உக்காந்துச்சு சாமி. திருகாணித் தலைல கம்பெனிக்காரன் அடையாளத்துக்கு வச்ச செவப்புப் பொட்டக்கூட அமலி நெயில் பாலிஷால வச்சுட்டா. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்.”

வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி முன்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

“ஏலே அடைக்கலம்!” இத்தனை நேரம் ஆள் யாரென்றே தெரியாதது போலப் பேசியவர் இப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டார். “உண்மைய நாளைக்கேதான் சொல்லணும்னு ஒண்ணும் அவசரமில்ல. மொதல்ல இந்தப் பாவத்துக்கு உண்டான அபராதத்த முடி.”

“எத்தனை பரலோக மந்திரம் சொல்லணும் சாமி?”

“மந்திரமெல்லாம் அப்புறம். வீட்டுக்குப் போயி ஸ்பேனர் செட்ட எடுத்துக்கிட்டு, வெரசா எம் பங்களாவுக்குப் பின்னால வா.”

“ஸ்பேனர் செட்டா? எதுக்குங்க சாமி?”

சாமியார் வலையோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்:

“நாளைக்கு அவன் மொதல்ல பாக்க வர்றது என் வண்டிய, தொறந்து மூடுனதுல மூணு நட்டு மிச்சம் கெடக்குலே!”