கம்பி நீட்டியவன்

ஆபரேஷன் தியேட்டர் தட்டில் கிடந்த கத்திக்குக் கம்பியைக் கண்டாலே இளக்காரம். மணிக்கட்டு வழியாக இதயம்வரை போய், அடைப்பில் ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்த வழியே நழுவிவிடும் கம்பியை, "கம்பி நீட்டுறதுதானே உன் தொழிலு" என்று சீண்டும்.

பூங்காவனத்தம்மாளுக்கு மூன்று அடைப்புகள் என்று தெரிந்த அன்று கம்பி தயங்கித் தயங்கிக் கேட்டது. "அண்ணே, முன்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய்க்கு நீங்க போடுற பைபாஸ்தான் நிலைக்கும். மத்த ரெண்டையும் நான் பாத்துக்கறேன். சேர்ந்து செய்வோமா?"

"செஞ்சா மூணையும் நான்தான் செய்வேன். பங்குக்கு ஆள் வேண்டாம்" என்று கத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூன்றையும் கத்தியே செய்ய நெஞ்சை முழுசாகப் பிளந்தால் அந்த அம்மாள் தாங்கமாட்டார். அதனால் கம்பி தனியாகவே போய்ப் போராடியது. பெரிய குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது. அம்மாள் போய்ச் சேர்ந்தார்.

பிறகு அதே மாதிரி இன்னொரு இதயம் வந்தது. இம்முறை கத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இடது மார்பில் சின்னதாக ஒரு கீறல் போட்டுத் தன் பங்கை முடித்தது. மீதியைக் கம்பி முடித்தது. இதயம் சீராகத் துடித்தது. இவ்வளவுதானா என்றிருந்தது கத்திக்கு.

"அப்ப நான் கம்பி நீட்டுறேன் அண்ணே" என்று சிரித்துக்கொண்டே வெளியேறியது கம்பி.

கத்திக்குச் சிரிப்பு வரவில்லை. பூங்காவனத்தம்மாள் படுத்திருந்த அன்று கம்பி நீட்டியது கம்பி அல்ல.