ஒரே ஒரு முகம்

திரையில் அப்பா ஓடிவந்தார். மகள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பத்தொரு வயதில் அந்த முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறாள். வீட்டில் அப்பாவின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. அவள் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னால், இரும்புப் பட்டறை விபத்தில் போய்விட்டார் என்று சொல்லித்தான் அம்மா வளர்த்திருந்தாள்.

அப்பா தலைகாட்டிய பழைய படத்தைச் சுத்தம் செய்து பகல் காட்சி போடுகிறார்கள் என்று தெரிந்ததும் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அம்மா வர மறுத்தாள்.

"நீ வந்து காட்டலேன்னா எது அப்பான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அதற்குமேல் அம்மாவால் மறுக்க முடியவில்லை.

பட்டறைத் தொழிலாளி ஒருவனின் குடும்பக் கதை. உழைக்கும் ஜனங்களின் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டிய படம் என்று பாடப்புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

எடுத்தது இவர்கள் தெருவில்தான். இவர்கள் வீட்டில்தான். ஆனால் தொழிலாளி, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள் எல்லோரும் சிவந்த முகங்கள். கரியைக் குழைத்துக் கன்னத்தில் அப்பிக்கொண்டு வந்து, இவர்கள் அடுப்பை நாற்பது நாள் ஊதிவிட்டுப் போனார்கள்.

தெருக்காரர்களில் ஒருவருக்கு மட்டும் வேஷம் கிடைத்தது. ஆண்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்த இயக்குநர் அப்பாவைக் கைகாட்டினார். கதாநாயகியின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு சந்தைக்குள் ஓடும் திருடன்.

கதாநாயகி அலறுகிறாள். கூட்டம் வளைத்துக்கொள்கிறது. அப்பா விழுகிறார். வயலின் அழுகிறது.

அரங்கம் கைதட்டியது. மகளும் தட்டினாள்.

விளக்கு எரிந்ததும் இயக்குநரைக் கைத்தாங்கலாக மேடையேற்றி உட்காரவைத்தார்கள். தொண்டுகிழம். குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"படம் முழுக்க அந்தத் தெரு முகம் ஒண்ணே ஒண்ணுதான் சார். அதையும் திருடனாத்தான் காட்டணுமா?"

"அந்த முகத்தைப் பார்த்துத் திருடன்னு கத்தினா ஜனங்க யோசிக்காம நம்புவாங்கம்மா. அதுக்காகத்தான் அவனை எடுத்தேன்." சிரித்தார். "ஆனா பிறவி நடிகன்."

அதற்கும் கைதட்டல்.

மகளால் உட்கார முடியவில்லை. "நான் அவரோட பொண்ணு சார்" என்று எழுந்துவிட்டாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. மேடைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் அவள் தோளில் கைபோட்டுப் படமெடுக்க நின்றார்.

நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணில் பட்டதும் அந்தக் கை மெல்ல நழுவியது.

வெளியே படியிறங்கும்போது மகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"விழறதுக்கு முன்னாடி அப்பா வாய் அசையுதேம்மா. என்ன சொல்றாரு? மியூசிக் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

அம்மா நடுப்படியில் நின்றுவிட்டாள்.

அன்று சந்தையில் இருந்த ஒருவருக்கும் அது படப்பிடிப்பு என்று தெரியாது. தத்ரூபமாக வரவேண்டும் என்று கேமராவை மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்கள். ஆறு மாத வயிற்றோடு வேடிக்கை பார்க்க வந்தவளுக்கு அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தவர் இயக்குநர். அவள் கத்த வாயெடுத்தபோது பொத்திப் பிடித்ததும் அவர்தான்.

கீழே அவள் புருஷன், "சினிமாங்க... சினிமாங்க..." என்று கதறிக்கொண்டிருந்தான். மூன்று முறை காதில் விழுந்தது. பிறகு குரல் வரவில்லை. விழுந்தவன் எழுந்திருக்கவும் இல்லை.

"ஏதோ வசனம் சொல்லிக் குடுத்திருந்தாங்க" என்றாள் அம்மா. "மறந்துபோச்சு."