பெயர்ச்சி

ஜாதகத்தில் ஏழில் சனி என்று மூன்றாவது மாப்பிள்ளை வீட்டாரும் கையை விரித்துவிட்ட அன்று, விளக்கு வைத்த கையோடு சுகந்தி தொலைநோக்கியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். மழை விட்டு, வானம் கழுவிவிட்டது போலக் கிடந்தது. நிலாவை எத்தனையோ முறை படம் பிடித்திருக்கிறாள். சனி மட்டும் இதுவரை அவள் கேமராவில் ஒழுங்காக விழுந்ததில்லை.

பின்னாலேயே அம்மா செண்பகம் ஏறி வந்தாள். "யாரைடி பார்க்கிறே?"

"நம்ம சம்பந்தத்தையெல்லாம் கலைச்சுவிட்டவரைத்தான். வா, நீயும் பாரு."

செண்பகம் நவக்கிரகச் சன்னதியில் நிற்பது போலவே ஒதுங்கி, பக்கவாட்டில் நின்று கழுத்தை மட்டும் நீட்டினாள்.

"அங்கேருந்து என்ன தெரியும்? நேரா வாம்மா."

"அவருக்கு நேரா நிக்கக் கூடாதுடி."

"இருக்கிற தூரத்துக்கு உன்னை அவருக்கு அடையாளமே தெரியாது. வா."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள்.

"இத்தினியூண்டா இருக்காரே," என்றாள் மெல்ல. "வளையமெல்லாம் போட்டுக்கிட்டு, பாவம், தனியா."

பிறகு மூச்சை இழுத்தாள். "நகர்றாருடி! ஓரத்துக்குப் போயிட்டாரு."

நகர்வது அவரல்ல, தாங்கள் நிற்கும் பூமிதான் என்பது சுகந்திக்குத் தெரியும். லேசாகத் திருகினால் மறுபடி நடுவுக்கு வந்துவிடுவார், கேமராவை மாட்டிவிடலாம். அவள் கை தொலைநோக்கியை நகர்த்தும் திருகாணிக்குப் போயிற்று.

கண்ணை எடுக்காமலே அம்மா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போறவரைக் கூப்பிடாதடி."