நகராத பசை

ஓவியர் கித்தான் துணியை இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசை பூசிக் காயவைத்தார். அதன்மேல் காவிக்கல் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் தீட்டினார்.

பார்த்ததுமே எண்ணெய்க்குக் கித்தான்மேல் ஆசை வந்துவிட்டது.

"நகருடா, அவ பக்கத்துல போகணும்," என்றது பசையிடம்.

"நீ பட்டா அவ தாங்கமாட்டா," என்ற பசை அசையவே இல்லை.

"உனக்குப் பொறாமை!"

மூலையில் பசை படாத விரலகல இடம் ஒன்று இருந்தது. தன் ஈரம் காய்வதற்குள் எண்ணெய் அதைக் கண்டுபிடித்து, கித்தானை ஆசைதீரத் தழுவிக்கொண்டது.

வருஷங்கள் போயின. அந்த மூலை மட்டும் கறுத்து, அப்பளமாய் நொறுங்கியது.

"வலிக்குதா?" என்று எண்ணெய் அழுதது.

"நீ ஆசையாத்தானே வந்தே," என்றது கித்தான்.

எண்ணெய் பசையிடம் திரும்பியது.

"அண்ணே, மத்த இடத்துலயாவது நகர்ந்துடாதீங்க."