தேய்த்துப் பார்க்காத எண்ணெய்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அதற்காகத் தயாபரனே மூன்று நாள் காத்திருந்தான்.

தேர்த் திருவிழாவில் பிள்ளை தொலைந்ததை மைக்கில் சொல்பவர், இரத்தோட்டை பஸ் கண்டக்டர், மீன் லொறிக்காரர் என்று மாத்தளை டவுனில் பாதிப் பேர் தயாபரனின் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். யார் குரலில் கேட்டாலும் பேசுவான். கேட்காவிட்டாலும் பேசுவான்.

அவன் அக்கா சிவநந்தினிக்கு ஒரு சின்ன ப்ளொக் இருந்தது. பஸ் ஏறிப் போய், வழியில் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளில் சாப்பிட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுவாள். வாசிக்க ஆள் இருந்தது, வருமானம்தான் இல்லை. கூகுள் விளம்பரம் போட்டும் பார்த்தாள். வந்த சில்லறையையும், ஒரு தொகை சேரும்வரை கையில் தர மாட்டார்களாம்.

"இந்த மாசத்துக்குள்ள அதுல இருந்து ஒரு சல்லியாவது வரணும். இல்லாட்டி லெப்டொப்ப வித்துடுவேன்" என்று அப்பா சாப்பிடும்போது சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் செய்கிறவர்.

அன்றைக்கே தயாபரனுக்கு வாய் அரித்தது. கூட்டாளி ஷிஃபானின் போனை வாங்கிக்கொண்டு கிரவுண்ட் பக்கம் போனான். ஸ்பைஸ் கார்டன் முதலாளியின் கனத்த குரலில் அக்காவைக் கூப்பிட்டான். தன் தோட்டத்து எண்ணெயைத் தேய்த்தால் வழுக்கையில் ஒரே கிழமையில் முடி முளைக்கும் என்று எழுத வேண்டும், இருபதாயிரம் தருவேன் என்றான்.

"நான் பாவிச்சுப் பாக்காத ஒண்ணப் பத்தி எழுதுறதில்லைங்க" என்றாள் அக்கா.

"அப்படிச் சொன்னா எப்படிம்மா? அப்பா லெப்டொப்ப வித்துட்டா அப்புறம் எதுல எழுதுவீங்க?"

அந்தப் பக்கம் அக்காவுக்கு இருமல் வந்தது.

"நீங்க சொல்றதும் சரிதான் முதலாளி. வெள்ளிக்கிழமை போட்டுடுறேன்."

போனை வைத்ததும் ஷிஃபானைப் பிடித்துக்கொண்டு தயாபரன் குனிந்து குனிந்து சிரித்தான். "நேர்மையெல்லாம் இருபதாயிரத்துக்குக் கீழதான் மச்சான்."

எண்ணெய் பற்றி அக்கா எழுதட்டும். அப்புறம் அவள் எதிரில் நின்று அதே குரலில் நன்றி சொல்ல வேண்டும் என்பது அவன் திட்டம். அக்கா வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இடையில் ஒருநாள், "ஏன்டா இளைச்சுப் போற?" என்று கேட்டு அவன் தட்டில் இன்னொரு ரொட்டி போட்டாள். சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் அவனுக்குப் புரையேறியது.

வெள்ளிக்கிழமை டியூஷன் முடிந்து வெளியே வந்து போனை ஆன் பண்ணினான். ப்ளொக்கைத் திறப்பதற்குள் ஒரு கோல் வந்தது.

"தம்பி, யட்டவத்தயில இருந்து இத்ரூஸ் பேசுறேன். பொடவக் கட தொறக்குறோம். திரீவீலர்ல மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லணும், பஸ் கண்டக்டர் குரல்ல. செய்வீங்களா?"

"டேய் ஷிஃபான், சுமாரா இருக்குடா" என்றான் தயாபரன். "உங்க வாப்பா குரல்ல பேசுறதுன்னா மூச்ச இன்னும் கொஞ்சம் இழுக்கணும்."

"ஷிஃபான் யாரு தம்பி? ஒங்க அக்கா ப்ளொக்குல பாத்துத்தான் எடுக்குறேன். அவங்க கேட்ட முன்பணத்தையும் அனுப்பிட்டேன். மிச்சத்த ஒங்க கையில தாரேன்."

தயாபரன் அவசரமாக ப்ளொக்கைத் திறந்தான். எண்ணெயைக் காணவில்லை. அவன் படமும் அவன் நம்பரும் இருந்தன. கீழே அக்கா எழுதியிருந்தாள்:

'திறப்பு விழா, விளையாட்டுப் போட்டி, கல்யாண வீடு, எதற்கும் எந்தக் குரலிலும் பேசுவான் என் தம்பி. பாவித்துப் பார்க்காத எதைப் பற்றியும் நான் எழுதுவதில்லை. இவனை மூன்று நாளைக்கு முன்னால்தான் போனில் கேட்டேன்.'