பன்னிரண்டு நாள் சீனியர்

ஆபீஸ் குளறுபடியால் ஒன்பது மாதம் தள்ளிப்போன பதவி உயர்வுத் தேதியைத் திருத்தச் சொல்லி, மேஜர் இன்பராஜ் ஆறு வருடம் மனுப் போட்டார். இன்று உத்தரவு வந்துவிட்டது.

"இனி நீங்க மார்ச்லயே மேஜர், சார். வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து," என்று பேனாவை நீட்டினார் கிளார்க் பொன்னையா.

அந்த வருட ஜூனில், இன்பராஜ் இன்னும் கேப்டனாக இருந்தபோதுதான், வெள்ளம் ஏறிய பாலத்தைக் கடக்கச் சொன்னார் மேஜர் சாமுவேல். கேப்டன் எதிர்த்துப் பேசலாமா? இன்பராஜ் சல்யூட் அடித்துவிட்டு ஆட்களை இறக்கினார். நாலு பேர் கரையேறவில்லை.

"பொன்னையா, இந்தத் தேதிப்படி அன்னைக்கு யாருய்யா சீனியர்? நானா, சாமுவேலா?"

பொன்னையா பட்டியலில் விரலை ஓட்டினார். "நீங்கதான் சார். பன்னிரண்டு நாள்."

பேனாவுக்காக நீண்ட மேஜரின் கை, அவரை அறியாமலே சல்யூட்டாக நெற்றிவரை போய், இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது.