ஒன்று போதாதவர்

"அவருக்குத் தெரியாம போடணும் தம்பி. நாளைக்குப் பொறந்தநாளு." பங்கஜம் லேப்டாப் பையைக் கடை மேசைமேல் வைத்தாள். "ரெண்டாவதா இன்னொரு எஸ்.எஸ்.டி. டிஸ்க்கு உள்ள வெக்கலாமாமே?"

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது அந்தக் கடை. ரிப்பேர் பார்க்கிற அந்தோணிராஜ் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டான். அடியில் கம்பெனி கேட்டில் ஒட்டிய நீலச் சீட்டு. வரதராஜன், லேபர் கான்ட்ராக்டர்.

ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை அப்படியே நின்றது.

"வரதராஜன் சாரு உங்களுக்கு...?"

"வூட்டுக்காரரு."

அந்தோணிராஜும் ஒரு காலத்தில் அந்தக் கம்பெனியில் வரதராஜனின் ஆள்தான். ஒரு நாள் ஷிப்ட் முடியும் நேரம், வரதராஜன் ஒரு பென் டிரைவை அவன் கையில் திணித்தார். "வெளிய எட்த்துக்கினு வா. டீக்கடையில வாங்கிக்கிறேன்" என்றார்.

கேட்டில் இருந்த மிஷின் பிடித்துக்கொண்டது. வரதராஜன் செக்யூரிட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவனை நோக்கிக் கையை நீட்டினார். "இவன் மேல எனக்கு அப்பவே ஒரு டவுட்டு" என்றார்.

அன்றோடு வேலை போயிற்று. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்தக் கம்பெனி லைனிலும் அவனை நிற்க விடவில்லை. ஊரில் தங்கச்சிக்குப் பேசி வைத்த சம்பந்தமும், திருட்டுப் பயல் வீடு என்று கைவிட்டுப் போயிற்று.

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டான். "ஒண்ணே நல்லாத்தானக்கா ஓடுது. ரெண்டாவது எதுக்கு?"

"அவருக்கு எதுவும் ஒண்ணு பத்தாது தம்பி."

"புதுசு போடவா, பழசு போடவா?"

"இன்னாவோ ஒண்ணு போடு. கெட்டுப்போனதா இருந்தாகூடப் பரவால்ல."

அந்தோணிராஜுக்குச் சிரிப்பு வந்தது. லேப்டாப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மா. "கெட்டுப்போனது வேல செய்யாதுக்கா. நல்லதாவே போட்டுத் தாரேன்" என்றான்.

அடிமூடியைக் கழற்றி, பேட்டரி வயரைப் பிடுங்கினான். வரதராஜன் லேப்டாப்பைக் கெடுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். ஒரு மெல்லிய வயரைக் கீறிவிட்டாலும் போதும். எது நல்லது என்று யோசித்தபடி மூடியைத் திருப்பியபோது, மறுபடியும் அந்த நீலச் சீட்டு கண்ணில் பட்டது. பெயருக்குக் கீழே 'டிஸ்க் ஒன்று' என்று எழுதி சீல் குத்தியிருந்தது.

கேட்டில் லேப்டாப்பை மிஷினுக்குள் விடுவார்கள். உள்ளே இருக்கிற சாமானெல்லாம் எலும்பு மாதிரி திரையில் தெரியும். சீட்டில் ஒன்று, உள்ளே இரண்டு என்றால் தகவல் திருட வந்தவன் என்று எழுதிவிடுவார்கள். கான்ட்ராக்ட் அங்கேயே முடிந்துபோகும். அதே கேட், அதே மிஷின்.

எதையும் கெடுக்க வேண்டியதில்லை. கேட்டதைச் செய்து கொடுத்தாலே போதும்.

காலி இடத்தில் டிஸ்க்கைச் செருகி, கடுகு மாதிரி இருந்த ஸ்க்ரூவை முடுக்கினான். அது இறுக இறுக அவன் பல்லும் இறுகியது.

"சாரு இப்ப எங்கக்கா?"

"நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து தூங்கிக்கினு கீறாரு. சாயங்காலம் எய்ந்து மறுபடியும் போவாரு. அதுக்குள்ள நான் வூட்டுக்குப் போவணும்."

"நிம்மதியாத் தூங்கட்டும்" என்றான் அந்தோணிராஜ். "இத மட்டும் பாத்தா ரொம்ப சந்தோசப்படுவாரு."

பங்கஜம் கூலியைக் கொடுத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சாயங்காலத்தை ஆசை தீர நினைத்துப் பார்த்தான். மிஷின் கத்தும். செக்யூரிட்டி சுற்றி நிற்பார்கள். 'இதை யார் வெச்சது' என்று கேட்பார்கள். வரதராஜன் கையை நீட்டுவார்.

அங்கேதான் அவனுக்கு உதைத்தது. அந்தக் கை யாரை நோக்கி நீளும்? தனக்கு நீண்ட மாதிரியே, பிறந்தநாளுக்குப் பரிசு கொடுத்த இந்த அம்மாவை நோக்கித்தான் நீளும்.

"சே" என்று எழுந்து ஓடினான். ஒரு லாரிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

"அக்கா, அந்த லேப்டாப்பக் குடுங்க. போட்டதக் கழட்டிருதேன்."

"ஏம்பா?"

"கேட்டுல மிஷின்ல ரெண்டு டிஸ்க் தெரிஞ்சா விட மாட்டாங்கக்கா. சாரு கான்ட்ராக்டே போயிரும். தெரிஞ்சேதான் போட்டேன், மன்னிச்சிருங்க. சாரு தப்பிக்கதுக்கு உங்களத்தான் கை காட்டுவாரு."

பங்கஜம் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "காட்டட்டும். எனக்கு லேப்டாப்பத் தொறக்கக்கூடத் தெரியாதேப்பா."

அவன் புரியாமல் நின்றான். பஸ் வந்து நின்றது.

"வடக்குப்பட்டுல இன்னொருத்திக்கு வூடு கட்டிக் குடுத்துட்டாரு" என்றாள் படியில் காலை வைத்தபடி. "யாரோ ஒரு பையன கேட்டுல மாட்டி உட்டத, சோறு துன்னும்போது சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அந்த மிஷின் கதையெல்லாம் அவரு சொன்னதுதான்."

கண்டக்டர் விசில் ஊதினான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவள் அவனைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அதான் தம்பி, கெட்டுப்போனதே போதும்னேன்."